சூரியன் சீறிய அன்று

வேலை செய்யும் இடத்தில் அவளை எல்லோரும் கதிரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பூமியைச் சுற்றிவரும் விண்வெளி நிலையத்தில் தங்கியிருக்கும் வீரர்கள்மேல் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று கீழே இருந்து கண்காணிப்பது அவள் வேலை. அதற்கு முன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டும் அவள் கணவனுக்கு இதில் ஓயாத கிண்டல்: "மத்தவங்க வெயில்ல போனா குடை எடுத்துக்கிட்டுப் போவாங்க. இவ வானத்துல இருக்கறவங்களுக்கே குடை பிடிக்கிறா."

உண்மையில் அலுப்புத் தட்டும் வேலைதான். ஒவ்வொரு வீரரும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் சட்டையில் மாட்டியிருப்பார். அது அனுப்பும் எண்கள் திரையில் வரும். கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவள் சேர்ந்ததிலிருந்து பயப்படும்படி எதுவும் கூடியதில்லை.

அன்று சூரியன் சீறிக் கதிர்வீச்சை வாரி இறைத்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிட்டதால், மேலே இருந்த மூவரையும் கதிர்வீச்சைத் தடுக்கத் தண்ணீர்ப் பைகள் அடுக்கிய தடித்த அறைக்குள் போய் அடங்கி இருக்கச் சொன்னார்கள். மதியத்துக்குள் சீற்றம் தணிந்தது. இருவரின் எண்கள் லேசாக ஏறியிருந்தன. மூன்றாமவர், அந்த மூவரில் மூத்த பொறியாளர், அவருடையது மட்டும் பல மடங்கு எகிறியிருந்தது.

கதிரக்கா திரையை நெருங்கி உட்கார்ந்தாள். மறுபடி எண்களை வரவழைத்துப் பார்த்தாள். அதேதான். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எண் மெய்யானால் பொறியாளரை உடனே பூமிக்கு இறக்க வேண்டும். அவர் உடம்பு என்ன ஆகும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

"மூணு பேரும் ஒரே ரூம்லதானே இருந்தாங்க? இவரை மட்டும் எப்படித் தேடிப் பிடிச்சுது?" என்றார் மருத்துவர்.

அறைச் சுவரில் பொருத்தியிருந்த கருவியும் குறைவாகத்தான் காட்டியது. ஆனால் அவர் நடுவில் எழுந்து வெளியே போயிருந்தால்? அவரையே கேட்டுவிடலாம் என்று கதிரக்கா மைக்கை வாங்கினாள். வெளியே போகவே இல்லை என்றார் அவர். கூட இருந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

"சார், கருவி உங்க மேலதான் இருந்துச்சா?"

"அடடா!" என்றார் பொறியாளர்.

"சட்டை ஈரமாயிடுச்சும்மா. ஜன்னல்கிட்ட காயப் போட்டுட்டு வேற சட்டையில வந்தேன். கருவி அதுலயே இருக்கு."

ஜன்னல் பக்கம்தான் சுவர் மெல்லியது. சீற்றத்தை முழுதாக வாங்கியது சட்டை. மருத்துவர் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டார்.

பொறியாளரின் மனைவி சீற்றச் செய்தி கேட்டு, காலையிலிருந்தே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காத்திருந்தார். எண் எகிறியதை யாரோ வாய் தவறி அவரிடம் உளறியிருந்தார்கள். கதிரக்கா படிக்கட்டில் ஓடி இறங்கி, மூச்சு வாங்கியபடியே சட்டை விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"என் வயித்துல பாலை வார்த்தீங்கம்மா. இவர் எப்பவும் இப்படித்தான். கண்ணாடியைத் தலையில வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்த கதிரக்கா, தன் கண்ணும் நனைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

வீட்டுக்குப் போனதும் அகோரப் பசி. கணவன் தட்டில் போடப்போட, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.