ஸ்கைவிங் சாந்தி அக்காவுக்காக ஒரு பாட்டு

எங்கள் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் என் மேசைக்கு வந்து நின்றான். ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறதாம். "அக்கா, இப்ப உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு பாட்டு சொல்லுங்க" என்றான். என் நரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழசா இருந்தாலும் பரவால்ல" என்று சேர்த்துக்கொண்டான். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

ஐந்தும் இந்த வருஷத்துப் பாட்டாகவே சொன்னேன். முதலாவது, ஒரு பையன் மாடி வீட்டுக்காரரோடு தண்ணீர் மோட்டாருக்காகப் போடும் சண்டையைப் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் சொல்வது. இரண்டாவதில் ஒரு பெண் எந்த வாத்தியமும் இல்லாமல் ஆரம்பிப்பாள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில்தான் முதல் தட்டு விழும். மூன்றாவது, எந்தத் துணிக்கடைத் திறப்பு விழாவுக்குப் போனாலும் நம் காதைப் பிடித்து இழுக்கும் குத்துப்பாட்டு, வெட்கமில்லாமல் பிடிக்கும். நான்காவது காதல் பாட்டு. பல்லவியைவிட நடுவில் வரும் சின்னச் சிரிப்புக்காகக் கேட்பது. ஐந்தாவதில் சொல்லிக்கொள்ளும்படி வரிகளே கிடையாது. தையல் மெஷின் மெல்ல வேகம் பிடிக்கிற மாதிரி ஒரு தாளம், அவ்வளவுதான்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எங்க கம்பெனில ட்ரெயினிங் குடுத்தாங்கப்பா."

அவன் நம்பவில்லை. நீங்களாவது நம்புவீர்கள் என்று எழுதுகிறேன்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். பி.ஏ. முடித்த பெண்ணுக்கு அங்கே கிடைத்த வேலை செக்கிங். ஷூவின் மேல்பாகம் தைத்து முடிந்து வரும்போது நூல் விட்டுப்போயிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து, தவறு இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அடுத்தவர் தவறைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். இன்றைக்கும் அதே வேலைதான். ஸ்டிக்கர் போய்ச் சிவப்பு மை வந்திருக்கிறது.

தோல் ஒட்டும் பசையை அங்கே எல்லோரும் சொல்யூஷன் என்போம். வேலூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைப்பவரைக் கடக்கும்போது அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் பசிக்கும். காலை முழுக்க அந்த வாசனையில் உட்கார்ந்திருந்து, சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிப் பழகிய வயிறு அது. ஆம்பூர் என்றாலே வெளியூர்க்காரர்கள் பிரியாணி என்பார்கள். எங்கள் டிபன் பாக்ஸில் இருந்தது புளிசாதமும் அப்பளமும். அந்தப் புளிசாதத்தை இறக்கியது பாட்டு.

செல்போனைக் காலையில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும்; மாலையில்தான் திரும்பக் கிடைக்கும். உள்ளங்கை அளவு ரேடியோவை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எஃப்.எம்மில் நேயர் விருப்பம் வரும். வரிசையாக மெஷின் போட்டு உட்காரும் எங்கள் லைனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. திங்கட்கிழமை எல்லோருமாகச் சண்டை போட்டு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்போம். அதுதான் 'இந்த வாரத்துப் பாட்டு'. சனிக்கிழமை வரை மெஷினில் உட்கார்ந்தபடி எல்லோரும் அதையே முணுமுணுக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை யாராவது மறதியாகப் போன வாரத்துப் பாட்டை முணுமுணுத்தால் தொலைந்தாள்.

"இன்னாடி, ஊசிப்போனத சூடு பண்றியா?" என்று சாந்தி அக்கா கேட்பார்.

கடைசித் தீர்ப்பு எப்போதும் சாந்தி அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவர். திங்கட்கிழமை குத்துப்பாட்டுக்குக் கை தூக்குபவர். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்தச் சிக்கலும் இருந்ததாகத் தெரியவில்லை. லைனில் சாந்தி, கலா, மேரி என்று ஒரே பெயரில் பலர் இருந்ததால், செய்யும் வேலையை முன்னால் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். ஸ்கைவிங் சாந்தி, ஃபோல்டிங் மேரி, கயிறு கோக்கும் ஓட்டைக்கு வளையம் அடிக்கும் ஐலெட் கலா. நான் வெறும் செக்கிங். என் பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

நேயர் விருப்பத்தை நடத்தியவர் ஒரு சென்னைப் பையன். போன் செய்கிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பார்: பேர் என்ன, ஊர் என்ன, என்ன பண்றீங்க? செய்திக்காகப் போகும் இடங்களில் நானும் இப்போது அதையேதான் கேட்கிறேன். அந்த மூன்றாவது கேள்வியில்தான் எங்கள் பக்கத்துப் பெண்களின் குரல் சட்டென்று இறங்கும். "வீட்லதாங்க, சும்மா இருக்கேன்" என்பார்கள். தோல் கம்பெனி என்றால் ஊரில் ஒரு பார்வை. பெண் கம்பெனிக்குப் போகிறாள் என்றால் அதன்மேல் இன்னொரு பார்வை. ஒருமுறை எங்கள் கம்பெனிப் பெண்ணே கேட்டுக்கு எதிர்க்கடையிலிருந்து பேசினாள். "வீட்ல சும்மா" என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் கம்பெனி சைரன் ஊதியது.

"என்னங்க அது சத்தம்?"

"பக்கத்து வீட்டு குக்கருங்க."

நாங்கள் சோற்றைத் துப்பிச் சிரித்தோம். சுமதி மட்டும் சிரிக்கவில்லை.

சுமதி தையல் மெஷினில் இருந்தாள். ஊர் குடியாத்தம், வீட்டில் லுங்கி நெய்யும் தறி. தறிக்காரர் வீட்டுப் பெண் தோல் கம்பெனிக்குப் போவது தெருவுக்குத் தெரியும், தூரத்து உறவுக்குத் தெரியாது. அந்த வாரம்தான் நெமிலியிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் நின்று பேசியது அவள் அத்தை.

"பொண்ணு வீட்டோட கீது, நூலு சுத்துதுன்னு சொல்லிட்ச்சி அத்தை" என்றாள் சுமதி. "காலைல ஏழு மணி பஸ்ஸப் புடிச்சி வந்து முதுகு ஒடிய தைக்கறேன். நான் சும்மா கீறேனாம்."

"சொன்னா சொல்லிட்டுப் போட்டும். நீ வாய மூடு" என்றார் சாந்தி அக்கா.

"கட்டிக்கினு அப்பால தெரிஞ்சா வேலைய வுடுன்னுவாங்க. இப்பவே தெரியட்டும். அவங்க வூட்ல மத்தியானம் இந்த ப்ரோக்ராம்தான் ஓடுமாம். அதையும் அத்தைதான் பெருமையா சொல்லிச்சி."

"சம்மந்தம் பூடும்டி."

"போனா போட்டும்க்கா. மெஷின வுட்டுட்டு வீட்ல உக்கார என்னால ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை நெமிலிக்காரர்கள் முடிவு சொல்வதாக இருந்தது. அதற்கு முன்னால் ரேடியோவில் பேசிவிட வேண்டும்.

கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடையில் மஞ்சள் நிற ஒரு ரூபாய் போன் இருந்தது. தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் அங்கே போவோம். தினமும் 'என்கேஜ்டு' சத்தம். சோறு டப்பாவில் அப்படியே திரும்பும். சாந்தி அக்கா திட்டிக்கொண்டேதான் வருவார்; ஆனால் கைக்குட்டை முனையில் லைன் முழுக்க வசூல் செய்த ஒரு ரூபாய்க் காசுகளை முடிந்து வைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை போனில் அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தும் விட்டார்கள். எடுத்தவுடன் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் உத்தரவு, ரேடியோவைத் தள்ளி வைக்கச் சொல்லி. பக்கத்தில் ரேடியோ ஓடினால் போனில் கூவும். ரேடியோ என் கையில் இருந்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் தருணத்தில் என் பங்களிப்பு சாலையைக் கடந்து ஓடியதுதான். எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் போய் நின்றேன். ஐலெட் கலாவும் ஃபோல்டிங் மேரி அக்காவும் பின்னாலேயே ஓடிவந்து என் கையோடு காதை ஒட்டிக்கொண்டார்கள். சுமதியின் வாய் சாலைக்கு அந்தப் பக்கம் அசைந்தது. குரல் என் உள்ளங்கையிலிருந்து வந்தது.

"எங்கிருந்து பேசறீங்க சுமதி?"

"குடியாத்தம்ங்க."

"என்ன பண்றீங்க?"

ஒரு லாரி எங்களுக்கு நடுவே போனது. அது போய் முடிந்தபோது சுமதி தலையை நிமிர்த்தியிருந்தாள்.

"ஷூ கம்பெனில வேலை செய்றேங்க. ஆம்பூர்ல. ஸ்டிச்சிங்."

மேரி அக்கா என் தோளில் ஓங்கி அடித்தார். கேட்டில் வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

"ஷூ தைக்கறீங்களா? சூப்பர்ங்க! யார் யாருக்காக இந்தப் பாட்டு?"

எல்லோரும் அம்மா, அப்பா, தம்பி, பக்கத்து வீட்டுப் பாப்பா என்று அடுக்கும் இடம் இது. சுமதி, "ஸ்கைவிங் சாந்தி அக்கா, ஃபோல்டிங் மேரி அக்கா, ஐலெட் கலா, அப்புறம் செக்கிங்" என்றாள்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ஸ்கைவிங்கா? அது எந்த ஊருங்க?"

"ஐய, ஊரு இல்லீங்க. வேலை. தோலோட ஓரத்த மெஷின்ல சீவி மெல்லிசாக்கறது. அப்பதான் மடிச்சித் தைக்க வரும். சீவாம மடிச்சா உள்ள கட்டி நிக்கும், கால்ல குத்தும். நீங்க இப்ப ஷூ போட்டுக்கினு கீறீங்களா?"

"ஆமா..."

"கழட்டுங்க."

ரேடியோவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உள்ள கைய வுட்டு மேல் ஓரத்தத் தடவிப் பாருங்க. கட்டியா கீதா?"

"இல்லீங்க. வழவழன்னு இருக்கு."

"அதான் சாந்தி அக்கா."

சாலைக்கு அந்தப் பக்கம் சாந்தி அக்கா காசு போடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். நிறுத்தியதுதான் தப்பாகிவிட்டது. போன் பீப் பீப் என்று இரண்டு முறை எச்சரித்தது. அக்கா முடிச்சை அவிழ்ப்பதற்குள் செத்துப்போனது. சுமதி ரிசீவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள்.

"ஐயோ, பாட்டச் சொல்லவே இல்லியே!"

ரேடியோவில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று கேட்க மறந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த அழைப்பை எடுத்தார். ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பெண். மூன்றாவது கேள்வி வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை.

"நானும் ஷூ கம்பெனிதாங்க. கட்டிங். அந்த அக்கா கேட்ட பாட்டையே போடுங்க."

"அவங்க எந்தப் பாட்டுன்னு சொல்லலையேங்க."

"இந்த வாரம் வேற இன்னா பாட்டு கீது?"

பாட்டு வந்தது. அதே பாட்டு. நாங்கள் திங்கட்கிழமை சண்டை போட்டு எடுத்த பாட்டு. ரேடியோவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சாலையைக் கடந்தேன். லாரிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. பெட்டிக்கடைக்காரர் பாட்டில் மூடியால் தாளம் போட்டார். சுமதி சிரித்தாள், அழுதாள், எதை முதலில் செய்தாள் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாந்தி அக்கா ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் பேர இன்னாத்துக்குடி மொதல்ல சொன்ன?" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். சாப்பாட்டு நேரம் முடிந்து சைரன் ஊதியபோது பாட்டின் கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நகரவில்லை. வாட்ச்மேன் கேட்டை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு யாருமே தயங்கவில்லை என்று எழுதினால் அது செய்தி ஆகாது, பொய். அன்றைக்கே கடைசியாகப் பேசிய ஒரு பெண் மறுபடி "வீட்லதாங்க" என்றாள். ஆனால் அடுத்த வாரம் பேரணாம்பட்டிலிருந்து ஒருத்தி பேசினாள், பிறகு வாணியம்பாடியிலிருந்து ஒருத்தி. கம்பெனியைச் சொன்னார்கள், செய்யும் வேலையைச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சென்னைப் பையனே "ஸ்டிச்சிங்கா, லாஸ்டிங்கா?" என்று, ஷூவை அச்சில் மாட்டி இழுக்கும் வேலைவரை தெரிந்தவர் மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நெமிலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அத்தை அறையை விட்டு வெளியே வரவில்லையாம். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, "ரேடியோவுல கேட்டோம். எங்க பொண்ணும் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனிக்குத்தான் போவுது. நீங்க இன்னா நெனச்சிப்பீங்களோன்னு நாங்களும் சொல்லல" என்றாராம். ரேடியோவில் பேசிய ராணிப்பேட்டைக்காரி அந்தப் பெண்தானா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுவிட்டேன், இல்லையாம். சுமதி கல்யாணமாகி நெமிலிக்குப் போனாள். ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தாள். இன்று அங்கே ஒரு லைன் முழுக்க அவள் பொறுப்பில். போன மாதம்கூடப் புதுப் பாட்டு ஒன்றை எனக்கு அனுப்பி, "கேட்டியா செக்கிங்? நீ ரொம்ப ஸ்லோ" என்று எழுதியிருந்தாள்.

மஞ்சள் போன் போய்விட்டது. பெட்டிக்கடை இருந்த இடத்தில் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். நேயர் விருப்பத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு என்பதும் போய்விட்டது. இப்போது ஆளுக்கொரு பாட்டு, காதுக்கொரு பாட்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. தம்பிக்குச் சொன்ன ஐந்து பாட்டுகளும் அப்படித்தான் எனக்கே கிடைத்தன.

இன்னொன்றும் போய்விட்டது. ஒரு செய்திக்காகச் சமீபத்தில் ஆம்பூர் போயிருந்தபோதுதான் கவனித்தேன். மாலை ஷிஃப்ட் முடிந்து பெண்கள் பேருந்துக்கு நின்றிருந்தார்கள். எங்கள் காலத்தில் கேட்டைத் தாண்டியதும் முதல் வேலை, கழுத்திலிருக்கும் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளித்து வைப்பது. டப்பாவிலிருந்து எண்ணெய் ஒழுகி, எல்லோருடைய போட்டோவும் மஞ்சளாகவே இருக்கும். அன்று அந்த நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேர் கழுத்திலும் அட்டை துப்பட்டாவுக்கு மேல் தொங்கியது. நடந்து போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சள் கறை படிந்த அட்டை ஒன்றுகூட இல்லை.