அவள் ரயிலேறினாளா

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரை மணிக்குக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுவிடும். சீரியல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். இருந்ததே ஒரு சேனல், அதனால் எந்த வீட்டு வாசலைத் தாண்டினாலும் அதே வசனம்தான் கேட்கும்.

ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். அதன் ஸ்டேஷன் மாஸ்டர். அவருடைய பெண். வாரத்துக்கு ஒரு பயணி இறங்குவார், தன் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் போய்விடுவார். அந்தப் பெண் எல்லாரையும் வழியனுப்புவாள், அவள் மட்டும் எங்கேயும் போனதில்லை. கடைசிக்கு முந்தின வாரம் அவளுக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்தது. அப்பாக்காரர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள், தூரத்தில் ரயில் வருகிறது, அங்கே நிறுத்தி 'நிறைவுப் பகுதி அடுத்த வாரம்' என்று போட்டுவிட்டார்கள்.

அந்த வாரம்தான் என் அக்காவுக்குக் கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. கணக்கு சீட் வந்தது. அப்பா நெசவாளர் சங்கத்தில் கிளார்க். கடிதத்தைப் படித்தார், மடித்தார், "உன் இஷ்டம்மா" என்றார். சொல்லும்போது முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அவ ரயிலேறட்டும், நானும் ஏறிடறேன்" என்றாள் அக்கா என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது ஒப்பந்தமாகவே பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வைகாசித் தேர். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: தேர் ஓடும் அன்றைக்கு அந்தத் தெருக்களிலும் அக்கம்பக்கத்திலும் கரண்டை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றினால்தான் தேர் உச்சி தட்டாமல் போகமுடியும். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் கரண்ட். வழக்கமாக மத்தியானத்துக்குள் வந்துவிடும், அதனால் யாரும் கவலைப்படவில்லை. அம்மா மட்டும் காலையிலேயே, "ஐயம்பேட்டைக்கு சித்தி வீட்டுக்குப் போயிடலாமா, அங்க கரண்ட் இருக்குமே" என்று கேட்டாள். "தேர் அன்னிக்கு ஊரை விட்டுப் போவாங்களா" என்று அப்பா முடித்துவிட்டார்.

அந்த வருஷம் தேர் ஒரு திருப்பத்தில் சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. ஜனங்கள் இழுக்கிறார்கள், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்துகிறார்கள், தேர் அசையவில்லை. ஏழு மணிக்கு நான் கூட்டத்துக்குள் புகுந்து நானும் வடம் பிடித்து இழுத்தேன். எனக்குப் பக்கத்தில் இழுத்த ஒரு பெரியவர், "இன்னாபா இவ்ளோ பக்தி" என்றார். ஏழரை ஆனது. எட்டும் ஆனது. வீட்டுக்கு வந்தால் அக்கா கரண்ட் இல்லாத டி.வி. முன்னால் மெழுகுவத்தி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஊரெல்லாம் விசாரித்தேன். தறிக்காரர் ஒருவரின் மச்சான் வேறு ஊரில் பார்த்தாராம், அவள் ஏறிவிட்டாளாம். பால்காரர், ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்காமலே போய்விட்டது என்றார். மறுஒளிபரப்பு எதுவும் வரவில்லை. அக்கா கோயமுத்தூர் போகவில்லை. அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது, அதே ஐயம்பேட்டையில். அக்காவைக் கட்டிய மாமாவின் வீட்டில் அன்றைக்கு கரண்ட் இருந்திருக்கிறது, டி.வி.யும் இருந்திருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பார்த்தேன்பா. பாதியில தூங்கிட்டேன்" என்றார்.

பத்து வருஷம் கழித்து, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கையில், ஒரு தனியார் சேனல் அந்த சீரியலைப் புதிதாக எடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. என்னை பி.இ.க்கு அனுப்பியபோது வீட்டில் யாரும் எந்த சீரியலையும் பார்த்து முடிவெடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். என் கிளாஸ்மேட், ஜரிகை வியாபாரி வீட்டுப் பையன், பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்திருப்பான். பழைய சீரியலின் ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதுவார்கள். டைட்டிலில் அந்த வீணைதான் வரவேண்டும். மணிக்கு பதில் தொங்கும் தண்டவாளத் துண்டு இருக்கவேண்டும். கதாநாயகிக்கு இரண்டே நூல் புடவைதான், மாற்றி மாற்றிக் கட்டவேண்டும். கடைசிக் காட்சியில் கை வைக்கவே கூடாது. இந்தக் கடைசிக் கோரிக்கையில் எல்லாரும் ஒன்று, ஆனால் கடைசிக் காட்சி என்ன என்று நான் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மழை பெய்தது என்றார் ஒருவர். அப்பாதான் பச்சைக்கொடி காட்டினார் என்று இன்னொருவர் சத்தியம் செய்தார்.

எல்லாவற்றையும் தொகுத்து சேனலுக்கு நான் ஒரு மெயில் அனுப்பினேன். அடுத்த நிமிஷமே பதில் வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி.

"பார்த்தியா, படிச்சிட்டாங்க" என்றேன்.

"மெஷின் படிச்சிச்சுடா" என்றான் நண்பன். "உங்க அக்காவுக்கு இன்னாடா அவசரம், நீ இப்படி அடிச்சிக்கினு கெடக்கிற?"

அவசரம் இருந்தது. அக்கா அப்போது முசரவாக்கம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சென்னையில் பாடப்புத்தகம் போடும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை வந்திருந்தது. விடிகாலை ரயிலில் போய் ராத்திரி திரும்பவேண்டும். மாமா நல்ல மனுஷன். "போறதுன்னா போம்மா, நான் இன்னா சொல்லப்போறேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் இருந்தது.

வேலையில் சேரவேண்டிய திங்கட்கிழமைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் புது சீரியல் ஆரம்பம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். "முதல் வாரம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா. இந்தத் தடவையும் சிரித்துக்கொண்டுதான்.

முதல் நாள் எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தோம். வீணை இல்லை. பிளாட்பாரத்தில் ஒரு கூட்டமே நடனம் ஆடியது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு மாடிப்படி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியது. கதாநாயகி அடுப்படியில் பால் காய்ச்சினாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"முகூர்த்தப் புடவை கட்டிக்கினு எவ பால் காய்ச்சுறா? கோர்வை போட்டது, கரையைத் தனியா கோத்து நெய்றது. முந்தியில தண்ணி பட்டுச்சுன்னா போச்சு."

அம்மா, "நம்ம ஊர்க் கடை சரக்குதான், பேர் போடுவான் பாருங்க" என்றாள். போட்டான்.

குழுவில் அன்றைக்கு ராத்திரியே சண்டை. துபாய்க்காரர் இனிமேல் பார்க்கவே மாட்டேன் என்று எழுதிவிட்டு, மறுநாள் அந்த நாளின் கதையையும் திட்டி எழுதினார். எனக்கு வீணையும் வேண்டாம், நூல் புடவையும் வேண்டாம். எப்படியாவது அவள் ஏறினால் போதும்.

வெள்ளிக்கிழமை ஏறிவிட்டாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. பழைய சீரியல் கடைசிவரை தள்ளிவைத்த காட்சியை இவர்கள் முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள். ரயில் நகர்ந்தது, பட்டு முந்தி காற்றில் பறந்தது. நான் ஐயம்பேட்டைக்கு போன் போட்டேன்.

"அக்கா, ஏறிட்டா."

"பார்த்தேன்பா." பின்னால் டி.வி. சத்தம் குறைந்தது. "டிபன் பாக்ஸ் ஒண்ணு வாங்கணும். ரெண்டு அடுக்கு வெச்சது."

சனிக்கிழமை நானே போய் வாங்கினேன். திங்கட்கிழமை விடிகாலை ரயிலுக்கு அனுப்பிவைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமையே ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை போனேன். போனால் அக்காவின் மாமியாருக்கு ஜுரம். பெரிய ஜுரம் ஒன்றும் இல்லை. அக்காவின் குழந்தைக்கு வேறு அன்றைக்குத்தான் இருமல். மாமா இரண்டு தடவை வாசலுக்குப் போய்வந்தார். யாரும் அக்காவை எதுவும் கேட்கவில்லை. அவளே கம்பெனிக்கு போன் போட்டு இரண்டு நாள் தள்ளிச் சேரலாமா என்று கேட்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை போட்டாள். பார்க்கிறோம் மேடம் என்றார்களாம்.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரியும் நான் அங்கேயேதான் இருந்தேன். அக்கா கஞ்சி கிளறிக்கொண்டே அடுப்படியிலிருந்து டி.வி.யை எட்டிப் பார்த்தாள். ரயில் அடுத்த ஸ்டேஷனில் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். கதாநாயகியின் முகத்தை மூன்று தடவை காட்டினார்கள். அவள் பெட்டியோடு இறங்கினாள்.

"அது பழசுல கிடையாதுக்கா" என்றேன். "அவங்க அப்பாவுக்கு நெஞ்சு வலியே வராது. இவனுங்களா சேர்த்தது."

"உனக்கு எப்படித் தெரியும்? கடைசி வாரம் நீயும்தானே பார்க்கல."

அவள் கஞ்சியை ஆற்றி மாமியாருக்கு எடுத்துக்கொண்டு போனாள். கம்பெனியிலிருந்து போன் வரவே இல்லை. இவளும் மறுபடி போடவில்லை. போடு என்று நான் சொன்னேன், சொன்னதோடு சரி. வேறென்ன செய்யமுடியும், வடத்தைப் பிடித்து இழுப்பதற்கு இது தேர்கூட இல்லை. டிபன் பாக்ஸ் குழந்தையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனது.

நான் வேலை கிடைத்து பெங்களூர் வந்துவிட்டேன். சீரியல் ஓடிக்கொண்டே இருந்தது. குழுவில் எல்லாரும் போய்விட்டார்கள், துபாய்க்காரர்கூட. அக்கா மட்டும் ஒரு நாள் விடாமல் பார்த்தாள். ஒரு ராத்திரி போன் போட்டபோது பின்னால் ரயில் ஊதும் சத்தம் கேட்டது. என்னக்கா நடக்குது என்றேன்.

"ஏறிக்கினு இருக்கிறாபா. நாளைக்கு இறங்கிடுவா. நீ சாப்ட்டியா?"