ஜன்னலைக் கழிக்காத கணக்கு

அந்த வெள்ளிக்கிழமை வேலை கிடைக்காவிட்டால், திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் நான் ஏறியாக வேண்டும். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு இடம் தயாராக இருந்தது. தட்டில் வரும் திருகாணிகளை ரகம் பிரிக்கிற வேலை. அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. எங்கள் காலனியில் பாதி வீடுகளில் அந்த பஸ்ஸால்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் நான் சிவில் படித்து முடித்து ஒன்றரை வருடமாகியிருந்தது. ஒரு தடவை அதில் ஏறிவிட்டால் அப்புறம் இறங்கவே மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் போன இன்டர்வியூ குவான்டிட்டி சர்வேயர் வேலைக்கு. இதைச் செங்கல்பட்டில் ஒருத்தருக்கு விளங்க வைப்பதற்குள் தொண்டை வற்றிவிடும். எதிர்வீட்டு அக்கா, "பட்டா அளக்குற வேலையாடி?" என்றார்.

"நெலத்த இல்லக்கா, கட்டடத்த. எவ்ளோ செங்கல், எவ்ளோ கம்பி, எவ்ளோ பூச்சு வேலைன்னு அளந்து கணக்கு சொல்றது."

"அதான் உங்கம்மா டெய்லி டேப்பு புட்ச்சிக்கினு கீறாளே. இதுக்கு இன்னாத்துக்கு நாலு வருசம் காலேஜு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா சித்தாள். கலவை குழைத்து, பாண்டுச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்து மாடி ஏறுகிறவள். வேலை முடிந்து சுவரை அளக்கும்போது டேப்பின் கொக்கி முனையைச் சுவர் மூலையில் வைத்து அழுத்திப் பிடிப்பதும் அவள்தான். அந்த முனையில் இருப்பது பூஜ்ஜியம் மட்டுமே. மறுமுனையில் மேஸ்திரி நின்றுகொண்டு அளவைப் படிப்பார், அவர் படித்ததுதான் அளவு. அம்மாவுக்கு எண் தெரியாமல் இல்லை. பஸ் நம்பரைத் தூரத்திலேயே படித்துவிடுவாள். டேப்பைப் படி என்று இருபது வருடத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இன்டர்வியூ திருவிடந்தைப் பக்கம், கடலை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதியின் சைட்டில். மாமல்லபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கன்டெய்னர் பெட்டியில் ஆபீஸ் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் போதும், மேஜையெல்லாம் மணல். என்னோடு இரண்டு பையன்கள், இருவரும் சென்னை. லேப்டாப் கொண்டு வந்திருந்தார்கள். நான் என் கால்குலேட்டரையும் ஐந்து மீட்டர் டேப்பையும் கொண்டு போயிருந்தேன்.

சைட் மேலாளருக்கு ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். தங்கும் குடில் ஒன்றின் வரைபடத்தை மூவருக்கும் கொடுத்தார். உள்ளேயும் வெளியேயும் சேர்த்துச் சுவர்ப்பூச்சு எத்தனை சதுர மீட்டர் வரும், ஒரு மணி நேரத்தில் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பூச்சு வேலையா! நான் பூச்சைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். நாற்பது நிமிடத்தில் முடித்துப் பேப்பரைக் கொடுத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலாளர் மூன்று பேப்பரையும் எங்களுக்கும் தெரிகிறபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பையன்கள் இருவருடைய விடையும் ஏறக்குறைய ஒன்று. என்னுடையது மட்டும் எக்கச்சக்கமாக உயர்ந்து நின்றது.

"ஏம்மா, கதவு ஜன்னல் எதையுமே கழிக்கலையே நீங்க?"

ஒரு கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் பூச்சுக்கூலிக்கு அளக்கும்போது ஜன்னலைக் கழிக்க மாட்டார்கள். சுவரை மொத்தமாக அளப்பார்கள். அந்தப் பழக்கத்தில் என் கை, நான்கு வருடப் படிப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் போக்கில் கணக்குப் போட்டிருந்தது. காலேஜில் இதே பாடத்தில் நான்தான் முதல் மார்க். சே!

"தப்பு சார்," என்றேன். "விதி தெரியும். வீட்டுப் பழக்கத்துல போட்டுட்டேன்."

"அது என்ன வீட்டுப் பழக்கம்?"

"எங்கம்மா சித்தாள், சார். கூலிக்கு அளக்குறப்ப ஜன்னல கழிக்க மாட்டாங்க."

பையன்களில் ஒருவன் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வேலை போனால் போகிறது, இவனிடம் சிரிப்பு வாங்கிக்கொண்டு போக மாட்டேன் என்று தோன்றியது. "சார், அவங்க ரெண்டு பேர் போட்டதும் தப்புதான். எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் கழிச்சிருக்காங்க," என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சிரித்தவன் நிமிர்ந்தான். மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப எது சரி?"

"பாத்ரூம் வென்டிலேட்டர் மாதிரி சின்னதுன்னா கழிக்கவே கூடாது சார். சாதாரண ஜன்னல், கதவுன்னா ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும். பெரிய திறப்பா இருந்தா ரெண்டு பக்கமும் கழிச்சிட்டு, சுவர்க் கனத்துல வர்ற அதோட ஓரத்தை அளந்து சேர்க்கணும்."

"ஏன் அப்படி வெச்சிருக்காங்க?"

இதைக் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அம்மா சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்புவது காதில் கேட்டது. அவள் வார்த்தையையே சொன்னேன். "நடுச்சுவரு கடகடன்னு போயிடும் சார். ஜன்னல் ஓரந்தான் பேஜாரு. மூலை பிசகாம இழுக்கணும், கலவை நிக்காது, திரும்பத் திரும்ப அள்ளிக் குடுக்கணும். பூசாத எடத்துக்குக் கழிக்காம விடுறது, அந்த ஓர வேலைக்காக சார். புத்தகமும் அதையேதான் வேற மாதிரி சொல்லுது."

அவர் எழுந்தார். "கடல் பக்கத்துப் பெரிய கண்ணாடிக் கதவோட ஓரம் இந்தப் படத்துல சரியா இல்ல. வாங்க, அளந்தே போடுங்க."

வெயிலில் குடிலுக்குப் போனோம். டேப்பை உருவிவிட்டு மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினேன். மேலாளர் கொக்கியை வாங்கி, தானே குனிந்து மூலையில் வைத்து அழுத்தினார்.

"படிங்க," என்றார்.

படித்தேன். அங்கேயே சுவரில் பேப்பரை வைத்து, விதிப்படி கழித்து, ஓரத்தைச் சேர்த்து விடையைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றத்தில் மேலாளரிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடச் சொன்னார். பஸ் என்றுகூடப் பார்க்காமல் "ஐயோ" என்று கத்திவிட்டேன். பக்கத்திலிருந்த பூக்கார அம்மா பதறிப்போய், "இன்னாமா, இன்னா ஆச்சி?" என்று கையைப் பிடித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றேன். கூடையிலிருந்து ஒரு முழம் எடுத்துத் தலையில் வைத்துவிட்டார். வீடு வரை யாராவது என்னைப் பார்க்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலில் காய்ந்த சிமென்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். ஜன்னலைக் கழிக்காத கதையைக் கேட்டு அப்படியே சிரித்தாள். மேலாளர் கொக்கியைப் பிடித்தார் என்றதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"அவரா புட்ச்சாரு? மேனேஜரா?"

"ஆமாம்மா."

"குனிஞ்சிக்கினா?"

"குனிஞ்சிதான்."

மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். மூன்று முறை சொன்னேன்.

எங்கள் வீடு அரசுத் திட்டத்தில் கட்டியது. உள்ளே பூசியிருக்கிறது, வெளியே வெறும் செங்கல். ஊர்ச் சுவருக்கெல்லாம் கலவை சுமந்தவளின் வீட்டுச் சுவர் எட்டு வருடமாக அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "சம்பளம் வந்ததும் பூசிடலாம்மா, வா அளப்போம்" என்று டேப்பை எடுத்தேன். அம்மா பழக்கத்தில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு நடந்தாள். போய் அவள் கையிலிருந்து அதை வாங்கினேன்.

"நீ அந்தாண்ட போ. நான் புடிக்கிறேன். நீ படி."

"அய்ய, எனக்கு இன்னாடி தெரியும்..."

"பஸ் நம்பர் தெரியுதுல்ல? படி."

நான் குனிந்து மூலையில் கொக்கியை அழுத்தினேன். அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு டேப்பின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"பதினாலு அடி மூணு இஞ்ச்!"

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். அவ்வளவு சத்தம். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"ஜன்னல கழிச்சிடாத, சொல்ட்டேன்."