சருவத்தில் எள்

பத்து நாளாக மூடியே கிடந்த கை அன்றைக்குத்தான் திறந்தது. பூமாரி சத்தம் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயது தாணுமாலையன் வாயகன்ற அலுமினியச் சருவத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பிடி எள்ளை அள்ளினான். விரலிடுக்கு வழியாக அதை ஒழுகவிட்டான். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்பு மணிகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மறுபடி அள்ளினான்.

அவன் அப்பா வன்னியராஜ் கொத்தனார். கிள்ளிப்பாலத்தில் எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் சாரம் முறிந்து அவர் விழுந்தபோது, பிள்ளை கீழே மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளைக்கு அன்றைக்கு மூடிய கை. சோற்றை ஊட்டினால் வாயைத் திறப்பான், கையைத் திறக்கமாட்டான். பேச்சும் நின்றுபோயிற்று.

“பிள்ளே, கண்டியா? கொச்சுப்பிள்ள கைய தொறந்துட்டு” என்றாள் ஆயா ராஜபாய், கஞ்சி கிண்டிய அகப்பையோடு எட்டிப் பார்த்து.

பூமாரி உதட்டில் விரல் வைத்தாள்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை சுமக்கும் பிச்சைக்கனியின் மகள். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறியது அவள் ஒருத்திதான். பி.ஏ. முடித்து, சர்க்கார் பரீட்சைகள் எழுதி, முடிவுக்குக் காத்திருந்த நாளில் கூலிக்காரர் பிள்ளைகளுக்காக மகளிர் சமாஜம் நடத்திய பாலவாடியில் இந்தத் தற்காலிக வேலை கிடைத்தது. வேலைக்கு முன் ஒரு மாதப் பயிற்சி. அதில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார்கள். அரிசி, பயறு, கடுகு, எலுமிச்சை, வெண்டைக்காய் எதையாவது தண்ணீரில் போடுங்கள். மிதப்பதையும் மூழ்குவதையும் பிள்ளைகள் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பூமாரி ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆனால் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறவர்களின் பிள்ளைகளுக்கு, விளையாடத் தானியம் எங்கிருந்து வரும்? அதற்கு வழி சொன்னவர் அப்பாதான். மூட்டை இறக்கும்போது சிந்துவதைக் கூட்டி, மண்ணைப் புடைத்து, துண்டில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பார். அந்த வாரம் அரிசியும் எள்ளும் வந்தன. கடுகு வரவில்லை. பூமாரி நோட்டில் ‘கடுகு’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘எள்’ என்று எழுதினாள். அப்போது அது தன் சாமர்த்தியம் என்று தோன்றியது அவளுக்கு.

வாசலில் நிழல் விழுந்தது. தாணுவின் அம்மா மாடம்மாள், அதே கட்டடத்தில் சித்தாள். காலையில் இங்கே விட்டால் சாயங்காலம்தான் வருவாள். இன்றைக்கு நடுப்பகலிலேயே, துவைத்த சேலையில் வந்து நின்றாள். நல்ல சேதிதான் முதலில் சொல்ல வேண்டும் என்று பூமாரி எழுந்தாள்.

“மாடக்கா, பாருங்க, தாணு கைய...”

மாடம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளையின் வலது கையிலிருந்து எள்ளும் தண்ணீரும் சருவத்தில் விழுந்துகொண்டிருந்தன. அவள் கத்தவில்லை. உள்ளே வந்தாள், கையைப் பிடித்துத் தூக்கினாள், முந்தானையால் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். பையன் கை பழையபடி மூடிக்கொண்டது.

“அவுகளுக்கு ரெண்டு மணிக்கு ஆப்ரேசன், டீச்சர்” என்றாள். “வர நேரமாவும், பிள்ளையப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். உசுரோட கெடக்குற மனுசனுக்கு எம் பிள்ள கையால எள்ளுந் தண்ணியும் விட வச்சிட்டியளே.”

பூமாரி சருவத்தைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடம்மாள் படி இறங்கிவிட்டாள்.

“எள்ளுல என்ன பிள்ளே இருக்கு? எங்க வீட்டுல எள்ளுன்னா உருண்டதான்” என்றாள் ராஜபாய். அவள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவள். அவளுக்குத் தெரியாது. பூமாரிக்குத் தெரியாமல் போனது எப்படி? ஆடி மாதத்தில் வரும் ஒவ்வொரு கர்க்கடக அமாவாசைக்கும் திருவல்லம் ஆற்றங்கரையில் அப்பா செத்துப்போன தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதை, துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. படித்தால் மூடநம்பிக்கை போகும் என்று கல்லூரியில் பேசியிருக்கிறாள். ஆனால் இங்கே நடந்தது மூடநம்பிக்கை போனதல்ல. நோட்டைப் பார்த்த கண் தாணுவின் வீட்டைப் பார்க்காமல் இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தபடியாகத்தான் அந்தப் பயம் வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். அப்படியென்றால் மாடம்மாள் அவனைக் கட்டட வேலையிடத்தில், கூட வேலை செய்யும் சித்தாள்களிடம்தான் விட்டுவிட்டுப் போவாள். சிமென்ட் கிடைக்காத வருஷம் அது. அங்கே சுண்ணாம்பு நீற்றும் குழி இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளை அதில் கால் வைத்து வெந்துபோனதால்தான் சமாஜம் இந்தப் பாலவாடியையே தொடங்கியது.

பிள்ளைகளை ராஜபாயிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தாள். மேற்பார்வையாளர் வந்தால் வேலை போகும் என்று ராஜபாய் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. சந்து திரும்பியதும் நடை ஓட்டமாயிற்று.

வேலையிடத்தில் பெண்கள் வரிசையாக மாடிக்குக் கலவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சும்மாடு வைத்த தலை எப்படித் திரும்பும்? மணல் குவியலில் தாணு இல்லை. செங்கல் அடுக்குக்குப் பின்னால் போனாள்.

குழி இரண்டு பாய் அகலம் இருந்தது. காலையில்தான் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். ஓரத்தில் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது, நடுவில் வெள்ளையாகத் தெளிந்து நின்றது. தாணு விளிம்பில் குத்தவைத்திருந்தான், சருவத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே மாதிரி. கையில் இருந்த ஒரு சல்லிக் கல்லை உள்ளே போட்டான். மூழ்கியதைப் பார்த்தான். எடுப்பதற்காகக் கையை நீட்டினான்.

கூப்பிட்டால் திடுக்கிட்டு முன்னால் விழுவான். பூமாரி வாயைத் திறக்காமல் நாலே எட்டில் போய், சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இருவரும் செங்கல் மேல் விழுந்தார்கள். அவள் கால் தட்டிய கல் ஒன்று குழிக்குள் உருண்டு, சுண்ணாம்பு அவள் முழங்கையில் தெறித்தது. தீயாக எரிந்தது. பையன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

மேலேயிருந்து மேஸ்திரி யாரது என்று அதட்டினார். அவள் பையனைத் தூக்கி நிறுத்தினாள். தண்ணீருக்குள் கையை விடு, பயப்படாதே என்று அவனுக்குக் காலையில் சொல்லிக்கொடுத்தது யார்? அவள்தானே.

குழாயில் முழங்கையைக் காட்டிவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு மெடிக்கல் காலேஜ் பஸ் ஏறினாள். வார்டு வாசலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மூன்றானது, நாலானது. தாணு தூங்கிவிட்டான். ஆப்ரேஷன் தியேட்டரிலிருந்து என்ன சேதி வந்தாலும், அதற்கு அந்த எள் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கெட்ட சேதியாக வந்தால் மாடம்மாளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? எவ்வளவு யோசித்தும் முடியும் என்று தோன்றவில்லை.

ஐந்தரைக்கு மாடம்மாள் வந்தாள். பிள்ளையை அங்கே கண்டதும் நின்றுவிட்டாள்.

“உசுரு இருக்கு” என்றாள். “ஒரு கால எடுத்துட்டாவ.”

பூமாரி எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். குழி, கல், நீட்டிய கை, எதையும் மறைக்கவில்லை. கடைசியில், “எள்ளப் போட்டது என் தப்புக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள். எள்ளால் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. எள்ளால்தான் கால் போனது என்று மாடம்மாளும் சொல்லவில்லை. பூமாரியின் வெந்த முழங்கையைப் பார்த்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரவெல்லாம் பூமாரிக்கு அந்தக் குழியே கண்ணில் நின்றது. விடிந்ததும் ராஜபாய் வருமுன் பாலவாடிக்குப் போய், சருவத்தைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். நல்ல தண்ணீர் நிறைத்தாள். ஒன்றும் போடவில்லை. ஒன்பது மணி ஆயிற்று. மற்றப் பிள்ளைகள் வந்து, பாட்டு முடிந்து, கஞ்சி அடுப்பில் ஏறியது. தாணு வரவில்லை. கிளம்பி மறுபடி வேலையிடத்துக்கே போய்விடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாடம்மாள் படியேறினாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் காகிதப் பொட்டலம்.

யாரிடமும் பேசாமல் நேரே சருவத்திடம் போய் உட்கார்ந்தாள். அடிவரை கையை விட்டுத் துழாவினாள். விளிம்பின் மடிப்பை நகத்தால் வருடினாள். நகத்தில் ஒரு கறுப்பு மணி வந்தது.

பூமாரி ஒரு காலில் செருப்போடு நின்றாள். மூன்று தரம் தேய்த்திருந்தாள்.

மாடம்மாள் அந்த ஒற்றை எள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, வாசலைத் தாண்டிப் போய், மண்ணில் உதறிவிட்டு வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். பச்சைப்பயறு. தன் கையாலேயே தண்ணீரில் கொட்டினாள்.

“இது மொளைக்குறது” என்றாள். “இதப் போட்டு வெளாடட்டும். நான் இங்கனயே செத்த நேரம் இருந்து பாக்கேன், டீச்சர்.”

“இருங்கக்கா.”

மாடம்மாள் பிள்ளையின் கையை விட்டாள். தாணு சருவத்துக்கு முன்னால் குத்தவைத்தான். மூடிய கையை அப்படியே தண்ணீருக்குள் இறக்கினான். அது திறக்கிறதா என்று இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.