ஆதவனின் குரல் இருந்த பெட்டி

உத்திராபதிக்குச் சிரிக்கத் தெரியாது என்று எங்கள் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். சிரிக்கத் தெரியும், வாடிக்கையாளரிடம் சிரிக்க மாட்டார், அவ்வளவுதான். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் ஜெராக்ஸ் கடையும் அவர் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருக்கின்றன. என் பெயர் தாவூது. அவருக்கு வேலை, பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பது.

இதை வைத்து ஒரு மனிதன் சாப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். இந்த ஊரில் முடியும். தெருவுக்கு ஒருவராவது பிரான்சில் இருக்கிறார், துபாயில் அதைவிட அதிகம். லீவில் வரும்போது, அங்கே யாரும் சீண்டாத பெட்டியைத் துடைத்து எடுத்துவந்து, இங்கே தங்கச்சி பிள்ளைக்கு ஏதோ பெரிய சீர் மாதிரி கொடுத்துவிட்டுப் போவார்கள். மீதியைக் கடல்காற்று பார்த்துக்கொள்ளும். முனைகளில் பச்சை பூக்கும், உள்ளே விசிறி இறுகிப்போகும், கரப்பான் குடும்பம் நடத்தும். உத்திராபதி அதைப் பிரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, சிப்பின் மேல் காய்ந்துபோன, சூட்டை இழுக்கிற பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி ஓடவிடுவார். திரையில் எல்லாம் பிரெஞ்சில் வரும். அவருக்கு அதில் ஆமாம், இல்லை என்கிற ‘வுய்’யும் ‘நோ’வும்தான் தெரியும். அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

பெட்டி பிழைக்காது என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். “இது முடிஞ்சு போச்சுங்க, எடுத்துட்டுப் போங்க.” ஏதாவது செய்து பாருங்களேன் என்று கெஞ்சினாலும் மசிய மாட்டார். சரியாகிப் போகிற பெட்டிக்காரரையும் சும்மா விடமாட்டார். இதைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்காதே, மேலே துணி போடாதே, சூட்டில்தான் சாகும் என்று ஒரு பாட்டு பாடித்தான் அனுப்புவார். எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். பெட்டி விஷயத்தில் அவர் வாயில் பொய் வராது என்பது ஊருக்கே தெரியும்.

அவர் வீடு பக்கத்து ஊரான நெடுங்காட்டில். அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். மனைவி உமாமகேஸ்வரிக்கு அங்கேயே அங்கன்வாடியில் வேலை. ஒரே பிள்ளை ஆதவன், பாலிடெக்னிக் படித்தான். என் கடையில்தான் நோட்ஸ் எல்லாம் ஜெராக்ஸ் எடுப்பான். என்னிடம் பேரம் பேசுவான், அவன் அப்பாவிடம் அந்தத் தைரியம் கிடையாது. அவனுக்கு உத்திராபதியே பிஎஸ் த்ரீ என்கிற ஒரு பழைய கேம் பெட்டியைத் தேற்றிக் கொடுத்திருந்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதம், கருக்களாச்சேரியில் கூட்டாளி வீட்டுக்குப் போனவன் கடலில் இறங்கினான். மறுநாள்தான் கிடைத்தான். கால்சட்டைப் பையில் போனும் இருந்தது. அவன் உடலை, எங்கள் பேச்சில் மையத்தை, எடுக்கும்போது நானும் நின்றேன். அதைப்பற்றி இதற்குமேல் எழுத என்னால் ஆகாது.

போனோடு அவன் எடுத்த படங்களெல்லாம் போய்விட்டன. ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. பொங்கலன்று எடுத்த வீடியோ ஒன்றைப் பெரிய திரையில் பார்ப்பதற்காகக் கேம் பெட்டிக்குள் ஏற்றி வைத்திருந்தான். அதில் அவன் முகம் தெரியாது. உமாமகேஸ்வரி அடுப்புக்கு முன்னால் நிற்பாள், பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வரும். “அம்மா, என்னையப் பாக்காத, பானையப் பாரு, பொங்கி ஊத்தப்போவுது.” அப்புறம் ஒரு சிரிப்பு. பிள்ளையின் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அந்த ஒரு வருஷமும் அவள் அதைத் தினம் போட்டுக் கேட்டாள். அவள் போடும்போதெல்லாம் உத்திராபதி எழுந்து வெளியே போய்விடுவார்.

அதைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நானும் கேட்டேன். எடுக்க வேண்டும் என்றால் ஒருதரம் உட்கார்ந்து கேட்க வேண்டும் பாய் என்றார். நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளியே வருஷம் ஓடிவிட்டது.

தலைத்திவசத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். அது முடியும்வரை பெற்றவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். புது வேட்டி சட்டை, வஞ்சிரம் வறுவல், முறுக்கு, அவன் குடிக்கிற கூல்டிரிங்க்ஸ் எல்லாம் இருந்தது. உமாமகேஸ்வரி அந்தப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்து, டிவியோடு சேர்த்து ஒயர் மாட்டி, அவன் ஆடுகிற பந்தய கேமைப் போட்டு ஓடவிட்டாள். புது வேட்டியை எடுத்துப் பெட்டியின் மேல் சாத்தினாள். சாம்பிராணி போட்டார்கள். பிறகு, இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவார்களாம். அன்றைக்குத் திறக்கப் போனவர்களை அவள் விடவில்லை. “புள்ள ஆடிட்டிருக்கு. ஆடி முடிக்கட்டும்” என்றாள். திறக்கப் போனவர்கள் திரும்பி வந்து இன்னும் வெகுநேரம் வாசலில் உட்கார்ந்தார்கள்.

உத்திராபதி வேட்டி சாத்தியதைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஊரெல்லாம் துணி போடாதே என்று கத்துகிற மனிதர் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த வேட்டியை எடு என்று எந்தத் தகப்பனால் சொல்ல முடியும்?

கதவைத் திறந்தபோது திரை கறுத்துக் கிடந்தது. பெட்டியில் மஞ்சள் விளக்கு ஒருதரம் மினுக்கிச் சிவப்பானது. பிள்ளை ஆடிவிட்டு அணைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று உமாமகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் போட்டுப் பார்த்தபோதுதான் ஓடவில்லை என்று தெரிந்தது.

அன்றைக்கு அவர் அவளிடம் முதல் பொய்யைச் சொன்னார். ஏதோ ஒரு சாமான் பழசாகிப் போய்விட்டது, மெட்ராஸிலிருந்து வரவேண்டும், வந்ததும் போட்டுவிடலாம் என்றார். சூட்டில் செத்தது என்று சொன்னால், எந்தச் சூடு என்று கேட்பாள். கேட்டால், சாத்தியது யார் கை என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

சரி, பொய் சொன்னீர், பழுதைப் பார்க்க வேண்டியதுதானே என்று நான் சண்டை போட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெட்டியில், வீடியோ பதிந்திருக்கிற டிஸ்க்கும் போர்டும் தாலி கட்டிக்கொண்ட மாதிரி. அந்தப் போர்டு இல்லாமல் அந்த டிஸ்க்கை வேறு எதில் போட்டாலும் படிக்காது. செத்த போர்டுக்கு, விட்டுப்போன ஈயப் பற்று உருகி ஒட்டுகிற மாதிரி சூடு வைத்துப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும், அதற்குள் வீடியோவை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அத்தோடு சரி. மற்றவர் பெட்டிக்கு எத்தனையோ தரம் அதைச் செய்தவர், மகன் பெட்டியை மட்டும் திறக்கவே மாட்டேன் என்றார். சூடு வைக்காதவரைக்கும் அவன் குரல் உள்ளேதான் இருக்கிறது பாய் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து என் கடைக்கு வந்துவிட்டேன்.

பெட்டி அவர்கள் வீட்டு பீரோவில் அந்த வேட்டிக்குள்ளேயே கிடந்தது. ஊரார் பெட்டியெல்லாம் ஓடுகிறது, என் பிள்ளை பெட்டிக்கு மட்டும் சாமான் வரவில்லையா என்று உமாமகேஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐப்பசி மழை விட்ட ஒருநாள், மதியம், பேருந்து நிலையத்திலிருந்து நேராக அவர் கடைக்கு வந்தாள். கையில் கட்டைப்பை. அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. என்னையும் கூப்பிட்டாள்.

“வாங்கண்ணே, நீங்களும் பாருங்க. இவுங்களால ஆவாதத கும்பகோணத்துல சின்னப் பையன் செஞ்சு குடுத்துட்டான்.”

அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போயிருக்கிறாள். உள்ளே இருந்த போர்டையே மாற்றிவிட்டானாம். டிஸ்க்கில் கை வைக்கவில்லையாம், பழைய டிஸ்க் அப்படியே இருக்கிறதாம். பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் உத்திராபதியைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவர் ஒயர் மாட்டினார். பெட்டி புதுசு மாதிரி சத்தமே இல்லாமல் ஓடியது. திரை பளிச்சென்று வந்தது. ஆதவன் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயர் இல்லை. வீடியோ இருக்கும் இடத்தைத் திறந்தார். காலி.

புதுப் போர்டு அந்த டிஸ்க்கைப் பார்த்ததும், இது எனக்குப் புரியவில்லை, அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கும். அந்தப் பையன் சரி என்று அமுக்கியிருப்பான். அவனுக்கு என்ன தெரியும்.

“போடுங்க” என்றாள் உமாமகேஸ்வரி.

உத்திராபதி கேம் ஆடுகிற கைப்பிடியைக் கீழே வைத்தார். “அதுல இல்ல உமா.”

“நல்லாப் பாருங்க. டிஸ்க்க மாத்தலன்னு அவன் சத்தியம் பண்ணான்.”

“அவன் மேல தப்பு இல்ல. நான்தான் அழிச்சேன். திவசத்தன்னிக்கு ராத்திரி. நீ அதையே பாத்துப் பாத்து ஒரு மாதிரி ஆயிடுவன்னு பயந்துபோய் அழிச்சுட்டு, பெட்டியையும் ஓடாமப் பண்ணி வெச்சுட்டேன். சாமான் வரணும்னு சொன்னதெல்லாம் பொய்.”

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? இத்தனை நாள் ஊரார் பெட்டியைப் பார்த்தவர் இதை மட்டும் ஏன் தொடவில்லை என்பதற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் வேறு ஏது? கட்டைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தும் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைக்கிறாள், அவ்வளவுதான். இந்த வருஷத் திவசம் வந்தபோது அவள் தம்பி தமிழ்ச்செல்வன் அவர் கடைக்கு வந்தான். அக்கா உங்களைப் படையலுக்கு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனான். பெற்ற பிள்ளையின் திவசத்துக்குத் தகப்பன் வரக்கூடாது.

திவசத்தன்று காலையில் அவர் கடை திறந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதே நெடுங்காட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்லப்போகிறேன் என்று வண்டியை எடுத்தேன். உத்திராபதி ஓடிவந்து சாவியைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் பாய். வேட்டி போட்டதும் அவ கை, கும்பகோணம் எடுத்துட்டுப் போனதும் அவ கை. அது அவளுக்குத் தெரியவே வேணாம். என்மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும்.”

நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு என் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் யாருடைய பெட்டியையோ பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நெடுங்காட்டில் படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிற நேரம் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.