கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம்

லோரெய்ன் பிக்கர்ஸ்கில்லுக்கு உட்காரத் தெரியாது என்று ரோதரம் ஊரில் அவளோடு வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுவது அவள் வேலை. அங்கே உட்கார வழியில்லை. வீட்டிலோ அடுப்படியில் நின்றபடியே ஒரு டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கார் ஓட்டும்போது மட்டும்தான் உட்காருவாள், அதிலும் இடது கால் சும்மா இருக்காது. அந்தக் காரில்தான் மகள் ஹெட்டியை ஏற்றிக்கொண்டு சனி ஞாயிறுகளில் நாட்டின் பாதி டென்னிஸ் கூடங்களுக்குப் போய் வந்திருக்கிறாள்.

ஹெட்டிக்கு இப்போது பதினெட்டு. பதின்மூன்று வயதில் அவள் படம் பத்திரிகையில் வந்தது. ஜூன் மாதம் புல்தரைப் போட்டிகள் தொடங்கும்போது எல்லாப் பத்திரிகைகளுக்கும் நம் நாட்டுப் பெண்களில் அடுத்தவள் யார் என்ற கவலை வந்துவிடும். அந்தக் கவலை இரண்டு வாரம் இருக்கும். அப்படி ஒரு ஜூனில் பத்துச் சிறுமிகளை ஒரு வலைக்குப் பின்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் இன்னும் லோரெய்னின் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். இடது கோடியில் நிற்கிறவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அவளுக்கு அடுத்தவள் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு லீட்ஸில் முடி திருத்துகிறாள். இருவர் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடுகிறார்கள். ஒருத்தி மட்டும் உலக வரிசையில் இருநூறுக்குள் போயிருக்கிறாள், அவளும் முழங்காலில் கட்டோடுதான் எந்தப் படத்திலும் சிரிக்கிறாள். நடுவில் ஹெட்டி நிற்கிறாள், முன்பல் ஒன்று பாதி உடைந்து.

இந்த மே மாதத்தில் ஹெட்டி தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டியிருந்தாள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டிருந்தது. படிப்புச் செலவும் ஆட்டச் செலவும் அவர்கள் பொறுப்பு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாட்டிங்ஹாமில் சனிக்கிழமை ஆட்டம். அதில் ஜெயிக்கிற பெண்ணுக்கு ஜூனில் ஒரு பெரிய புல்தரைப் போட்டியின் தகுதிச் சுற்றில் இடம். ஜெயித்தால் இங்கேயே இருந்து ஆடிப் பார்ப்பாள். தோற்றால் விமானம்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று ஹெட்டி கேட்டபோது, "உன் இஷ்டம் கண்ணு" என்று சொல்லிவிட்டு லோரெய்ன் ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள். மகள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதைச் சொன்னால் பந்தின் எடை கூடிவிடும் என்று பயம்.

சனிக்கிழமை மழை. வெளியில் ஆட வேண்டியதைக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பந்துச் சத்தமே சரியாகக் கேட்கவில்லை. மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெற்றோர் நிற்கிற இடம். லோரெய்ன் வழக்கம்போல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"லோரெய்ன், கொஞ்சம் உக்காருங்களேன். உங்களைப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள் ஃபிலிப்பா. அவள் மகள் கிரெசிடா காலையிலேயே தோற்றுவிட்டாள். ஆனாலும் ஃபிலிப்பா போகவில்லை. போனால் யாரிடம் பேசுவது?

"உக்காந்தா இன்னும் மோசமா இருக்கும்ங்க."

"கிரெசிடாவுக்கு இந்தத் தரை ஒத்துக்கல. வெளியில ஆடியிருந்தா கதையே வேற."

"ஆமாங்க, மழை."

"மழையைச் சொல்லலப்பா, தரையைச் சொன்னேன்."

கீழே ஹெட்டிக்கு எதிரில் டோலு அடெபிசி. லெஸ்டர்க்காரி. அவளுக்கு யாரும் கூட வந்ததில்லை. அம்மா மருத்துவமனையில் நர்ஸ், சனிக்கிழமை வீட்டில் இருக்கிற வேலை இல்லை. தோளில் அவளையே மூழ்கடிக்கிற பையோடு ரயிலில் வந்து, ஆடிவிட்டு, ரயிலில் போவாள்.

இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளில் கோட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. நடுவர் ஒருவர் நாலு ஆட்டங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். தன் பக்கம் விழுகிற பந்தைத் தானே சொல்ல வேண்டும். வெளியே என்றால் ஒரு விரலைத் தூக்க வேண்டும், உள்ளே என்றால் உள்ளங்கையைத் தரையைப் பார்க்கக் காட்ட வேண்டும். களிமண் தரையாக இருந்தால் பந்து தடம் விடும். இந்தத் தரையில் எதுவும் தெரியாது. கண்ணும் மனசாட்சியும்தான்.

ஹெட்டி சின்னவளாக இருந்தபோது ஒருமுறை எதிர்ப் பெண்ணின் அப்பா புகார் செய்தார். மாடியிலிருந்து அம்மா தலையாட்டி ஜாடை காட்டுகிறாள் என்று. லோரெய்ன் சும்மா இருமினாள், அவ்வளவுதான். நடுவர் எல்லார் முன்னாலும் மாடிக்கு வந்து எச்சரித்தார். அன்று காதுவரை சிவந்தவள், அதன் பிறகு ஆட்டம் பார்க்கும்போது முகத்தைச் சுவராக்கிக்கொண்டாள். கால் நடக்கும், முகம் அசையாது. கைதட்டுவதில்லை, முகம் சுளிப்பதில்லை. மகளோ ஒவ்வொரு சந்தேகமான பந்துக்கும் மேலே பார்ப்பாள். அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பாள்.

முதல் செட் ஹெட்டிக்கு. இரண்டாவது டோலுவுக்கு. மூன்றாவதற்குப் பதிலாகப் பத்துப் புள்ளி வரை ஒரு டை-பிரேக். இருவரும் விடவில்லை. லோரெய்னுக்கு நாக்கு வறண்டது. மெஷினில் ஒரு டீ எடுத்துக்கொண்டு வந்தாள். காகிதக் கோப்பை விளிம்பு வரை கொதிக்கிற தண்ணீர்.

ஒன்பதுக்கு எட்டு. டோலு முன்னிலை. ஹெட்டி அடித்த பந்தை டோலு ஓடிப்போய் எட்டி, மூலையைப் பார்த்து இழுத்து அடித்தாள்.

"ஐயோ, பாருங்க பாருங்க!" என்று ஃபிலிப்பா திரும்பினாள். அவள் தோள்பை லோரெய்னின் முழங்கையில் இடித்தது. டீ முழுக்கக் கட்டைவிரலில் கொட்டியது. லோரெய்னின் முகம் சுருங்கியது. பல்லைக் கடித்துக் கண்ணை மூடினாள்.

திறந்தபோது மகள் பின்கோட்டருகே நின்று நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நொடிதான். ஹெட்டி உள்ளங்கையைத் தரையைப் பார்க்கக் காட்டினாள். உள்ளே. வலைக்கு நடந்துபோய் டோலுவுக்குக் கை கொடுத்தாள்.

"அட, முடிஞ்சிருச்சா? பந்து எங்க விழுந்துச்சு?" என்றாள் ஃபிலிப்பா.

"நான் பாக்கல" என்றாள் லோரெய்ன். சொன்ன பிறகுதான் மகள் எந்த முகத்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள் என்று அவளுக்கு உறைத்தது.

ரயில் நிலையம் வழியில்தான் இருக்கிறது, டோலுவை இறக்கிவிட்டுப் போகலாம் என்று ஹெட்டிதான் சொன்னாள். தோற்கடித்தவளையே ஏற்றிக்கொண்டு போவது இந்தப் பெண்களுக்குப் புதிதல்ல. இன்று மட்டும் கார் சின்னதாக இருந்தது. மட்டைப் பைகளுக்கு நடுவே டோலு மடங்கி உட்கார்ந்திருந்தாள்.

"தகுதிச் சுற்றுல முதல் நாளே எவளாவது செக் நாட்டுக்காரி என்னைத் துவைச்சுக் காயப் போடுவா, பாரு" என்றாள் டோலு.

"காயப் போட வெயில் வேணும்ல? இங்க எங்க இருக்கு?" என்றாள் ஹெட்டி.

இருவரும் சிரித்தார்கள். லோரெய்ன் சிரிக்கவில்லை. கட்டைவிரல் எரிந்தது.

"உங்க அம்மாகிட்டச் சொல்லிட்டியாம்மா?" என்று டோலுவைக் கேட்டாள்.

"மெசேஜ் போட்டேன் ஆன்ட்டி. வேலை முடிஞ்சு பாப்பாங்க. பாத்துட்டு, 'சாப்பிட்டியா?'ன்னு கேப்பாங்க. ஜெயிச்சாலும் அதான், தோத்தாலும் அதான்."

நிலையத்தில் இறங்கும்போது டோலு குனிந்து ஜன்னல் வழியாக, "ஹெட்டி, அந்தக் கடைசிப் பந்து... நன்றிடி" என்றாள். ஹெட்டி கையை மட்டும் ஆட்டினாள்.

நெடுஞ்சாலையில் மழை வலுத்தது. கண்ணாடித் துடைப்பான் ஒரு பக்கம் கீச்சிட்டது. ஹெட்டி டப்பாவைத் திறந்து ஆறிப்போன பாஸ்தாவைத் தின்றாள். லோரெய்ன் வானொலியைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள்.

"அம்மா, ஒண்ணு போடு, இல்ல அணை."

அணைத்தாள். வாய்வரை வந்த வார்த்தை திரும்பித் திரும்பி உள்ளே போயிற்று. சொல்லாமல் விட்டால் மகளுக்குத் தெரியவே போவதில்லை. பந்து உள்ளே விழுந்ததை அம்மா பார்த்தாள் என்று நினைத்து நிம்மதியாகப் போவாள். சொன்னால், ஒரு கோப்பை டீயால் தோற்றோம் என்று ஆயுசுக்கும் நினைப்பாள். ஆனால் மகள் அவள் முகத்தை நம்பிக் கையைக் காட்டியிருக்கிறாள். அந்த முகத்தில் இருந்தது பொய்.

"ஹெட்டி."

"ம்."

"நான் பந்தைப் பாக்கலடி. ஃபிலிப்பா இடிச்சா, டீ கொட்டிருச்சு. கை வெந்துதான் மூஞ்சி அப்படிப் போச்சு. உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு எனக்குத் தெரியாது. கடவுள் சத்தியமா தெரியாது."

ஹெட்டி முள்கரண்டியை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி அழுத்தினாள்.

"திட்டுடி. சும்மா இருக்காத."

"எதுக்குத் திட்டணும்?"

"என்னாலதானே..."

"அம்மா, நான் பாத்தேன்." ஹெட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பந்து உள்ளதான் விழுந்துச்சு. கோட்டு மேலயே விழுந்துச்சு, தெளிவா. எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்புறம் எதுக்கு மேல பாத்த?"

ஒரு லாரி தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

"நீ வெளியன்னு மூஞ்சி காட்டுவியான்னு பாத்தேன். காட்டியிருந்தா விரலைத் தூக்கியிருப்பேன்."

லோரெய்னின் கால் ஆடுவதை நிறுத்தியது.

"நான் எப்பவாவது அப்படிக் காட்டியிருக்கேனா?"

"இல்ல. அதான் கொடுமை. நீ ஒண்ணுமே காட்ட மாட்ட. நான் பாத்துட்டே இருக்கேன், எட்டு வயசுலருந்து. ஒவ்வொரு பந்துக்கும். பாதி ஆட்டம் எனக்கு அங்க மாடியிலதான் நடக்குது. டோலு இன்னைக்கு ஒரு தடவைகூட மேல பாக்கல, கவனிச்சியா? அவளுக்குப் பாக்க ஆளே இல்ல. அவ பந்தைப் பாக்குறா."

"நான் இனிமே வரல. கார்லயே இருக்கேன்."

"நீ கார்ல இருப்ப. நான் கார் நிக்கிற பக்கம் பாப்பேன்." ஹெட்டி சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஓக்லஹோமாவுல மேல பாத்தா ஒண்ணும் தெரியாதுல்ல. வானம்தான்."

லோரெய்னுக்கு என்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. இங்கேயே இரு, வேறு ஏதாவது வழி பார்க்கலாம், அடுத்த வருஷமும் போட்டி வரும் என்றெல்லாம். குளிர்பெட்டிக் கதவில் நிற்கிற பத்துப் பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. சாலையோர ஓய்விடத்தின் பலகை தெரிந்ததும் கேட்காமலே வண்டியை உள்ளே திருப்பினாள்.

"எதுக்கும்மா இங்க?"

"டீ."

"இன்னைக்கு டீ போதாதா உனக்கு?"

உள்ளே வரிசை நீளமாக இருந்தது. கால்பந்து ரசிகர்கள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். லோரெய்ன் வரிசையில் நின்றாள், விலகினாள், கழிப்பறைப் பக்கம் போனாள், கையைக் குளிர்ந்த நீரில் காட்டினாள், மறுபடி வரிசையின் கடைசிக்கு வந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இன்று ராத்திரி மனசு மாறலாம். நாளைக்கு அவளுக்குப் பிடித்த வறுத்த கோழியும் யார்க்ஷயர் புட்டிங்கும் செய்தால், பக்கத்து வீட்டு நாய் வந்து அவள் காலடியில் படுத்தால், மாறலாம். கைபேசி அதிர்ந்தது. ஹெட்டி.

"பதில் அனுப்பிட்டேன். சரின்னு. கோச்சுக்காத. எனக்கு ஒரு சாக்லேட் வாங்கிட்டு வா."

லோரெய்ன் அதை இரண்டு முறை படித்தாள். பின்னால் நின்றவன், "என்னக்கா, நகருங்க" என்றான். நகர்ந்தாள். சாக்லேட் வாங்கினாள். டீ வாங்க மறந்தாள்.

வெளியே மழை தூறலாகியிருந்தது. காரில் ஆள் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு சத்தம் கேட்டது. லாரிகள் நிற்கிற பக்கம், கட்டடத்தின் பின்சுவரில் ஹெட்டி பந்து அடித்துக்கொண்டிருந்தாள். ஈரப் பந்து, ஈரச் சுவர், ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் தெறித்தது. ஒரு லாரிக்காரர் சாண்ட்விச்சைக் கடித்தபடி, "நல்லா அடிக்கிறியேம்மா! டிவியில வருவியா?" என்று கத்தினார். ஹெட்டி திரும்பவில்லை.

லோரெய்ன் அங்கே போக இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். மகள் திரும்பினால் கண்ணில் படுகிற இடம் அது. பின்வாங்கி ஒரு லாரியின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து சுவர் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. சட்டைப் பையில் சாக்லேட் இளக ஆரம்பித்தது. முகத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் அது தன்பாட்டுக்குக் கோணிக்கொண்டு போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த அடி எப்போது விழும் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, லாரியின் இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடக்கத் தொடங்கினாள்.