பாதி வெட்டிய காகிதப்பூ

அம்மா போனில் பேசும்போது எனக்குக் கேட்பது பாதிப் பேச்சுதான். மறுபாதி, வடக்கே எல்லைப் பக்கம் ஏதோ ஒரு முகாமில் இருந்த அப்பாவுடையது. நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காதில் விழுந்த பாதி இது:

"வெட்டிரவா?... எல்லாத்தையுமா?... ஐயோ, அப்பம் ஒண்ணுமே இருக்காதே... சரி, வெட்டிருதேன். தண்ணியும் விடல."

போனை வைத்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். போன லீவில் அப்பா வாங்கி வந்திருந்த செடி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

எங்கள் வீடு தென்காசியை அடுத்த மேலகரத்தில். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. வாசல் கேட்டின் இரண்டு பக்கமும் அப்பா பக்கத்துக்கு ஒன்றாகக் காகிதப்பூச் செடி வைத்திருந்தார். இரண்டும் இரும்பு வளைவில் ஏறி நடுவில் கைகோத்து நின்றன. ஆனி ஆடிச் சாரலில் வெறும் இலையாக அடைத்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழையிலும் அப்படித்தான். வெயில் ஏறிய பிறகு ஒருநாள் இலையே தெரியாமல் ராணி கலரில் பூத்துக்கொட்டும். அப்பா லீவில் வருவதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் பூவும் அப்பாவும் என் மனதில் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தார்கள்.

அந்தச் செடிகளைத்தான் அம்மா மதியம்வரை வெட்டினாள். விரல் தடிமன் குச்சிகள் மட்டும் மிஞ்சின. அவள் முழங்கையெல்லாம் முள் கீறிய கோடுகள். எதிர்வீட்டு அத்தை தெருவைக் கடந்து வந்து பார்த்தாள்.

"என்ன மதினி, இப்படி மொட்டையடிச்சிட்டிய?"

"அவுகதான் வெட்டச் சொன்னாக."

"பட்டாளத்துல இதையுமா சொல்லிக் குடுக்காக?" என்று அத்தை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு வரப்போகிற மனுஷர் தன் வீட்டு வாசலை மொட்டையடிக்கச் சொல்வாரா? வராதவர்தான் சொல்வார். அந்த வாரம் டிவி செய்தியில் எல்லையில் துப்பாக்கிச் சூடு என்று எழுத்து ஓடியபோது அம்மா ரிமோட்டை எடுத்து வேறு சேனலுக்கு மாற்றியிருந்தாள். இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் ஏதோ கெட்ட சேதி இருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நான் கேட்கவும் இல்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து, பல் தேய்க்கிற கப்பில் தண்ணீர் மொண்டு போய் இரண்டு செடிக்கும் ஊற்றினேன். மூன்றாம் நாளே அம்மா ஈர மண்ணைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, தண்ணி விடாத. தண்ணி விட்டா எலையாத்தான் தள்ளும். நல்லாக் காயணும், அப்பத்தான் பூக்கும்."

காய்ந்தால் பூக்குமாம். செடியைச் சாகவிடுவதற்கு இப்படியும் ஒரு சாக்கா என்று தோன்றியது. பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் குச்சிகள் சாகவில்லை. மாசி பிறந்தபோது செம்பு நிறத்தில் துளிர் விட்டன. மாசிக் கடைசியில் ஒவ்வொரு நுனியிலும் பொட்டு வைத்த மாதிரி ராணி கலர் தெரிந்தது. பங்குனி பிறந்ததும் அப்பா வருவதாக இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் அடுத்த போன் வந்தது.

"எல்லாருக்குமா?... அப்பம் எப்ப?... அவ்வளவு நாளா?... இல்லங்க, நான் ஒண்ணும் நெனைக்கல. நீங்க சூதானமா இருங்க."

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "லீவு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. வந்துருவாக." பிறகு வாசலுக்குப் போய், செடிகளுக்கு எதிரே நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ எண்ணினாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் கையில் மறுபடியும் கத்தரி. இடது பக்கச் செடியின் நுனிகள் எல்லாம் தரையில் கிடந்தன, பூவோடு.

"எம்மா! பூத்திருக்குல்லா!"

"பூத்ததுனாலதான் வெட்டுதேன்," என்றாள் அம்மா. இன்னும் ஏதோ சொல்ல வந்தவள் விரலில் ஏறிய முள்ளைப் பல்லால் பிடுங்கிக்கொண்டு, "மீதிய நாளைக்குப் பாப்போம்," என்று உள்ளே போய்விட்டாள்.

பூக்காத செடியை வெட்டினாலாவது ஒரு காரணம் இருக்கும். பூத்த செடியை வெட்டுகிறாள் என்றால் இனி அதைப் பார்க்க ஆள் வரப்போவதில்லை என்றுதானே அர்த்தம்? வலது பக்கச் செடி ஒன்றாவது மிஞ்ச வேண்டும், அது பூத்தால் அப்பா வந்துவிடுவார் என்று எப்படியோ எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். காலையில் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் மேடையிலிருந்த கத்தரியை எடுத்து, விளையாட்டு பீரியட் சட்டையில் சுற்றி, புத்தகப்பையின் அடியில் வைத்தேன்.

மூன்று நாள் அந்தக் கத்தரி என்னோடு தென்காசிக்கு பஸ்ஸில் போய் வந்தது. அதன் கொக்கி சரியில்லை. பை குலுங்கினால் வாயைத் திறந்துகொள்ளும். கணக்கு டீச்சர், "எல்லாரும் பையத் தொறந்து காம்பஸ் எடுங்க," என்றபோது பையை மடிக்கு இழுத்து, திறக்காமலே ஒரு கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவினேன். நான்காம் நாள் அதைக் கொல்லையில் தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு, சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த மட்டைகளை எரித்துத்தான் அம்மா தினமும் எனக்கு வெந்நீர் போடுவாள் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா தேடினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், பீரோ மேல் கையை விட்டுத் துழாவினாள்.

"ஏட்டி, கத்தரியப் பாத்தியா?"

"இல்லம்மா."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரி," என்றாள். அவ்வளவுதான்.

அடுக்களைக் கதவில் அரிவாள் தொங்கியது. அதை எடுத்துவிடுவாளோ என்று ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. எதிர்வீட்டில் இரவல் கேட்பாளோ என்று இன்னொரு வாரம். பள்ளிக்கூடத்திலிருந்து தெருமுனையில் திரும்பும்போதே கண் வாசலுக்குப் போகும். வலது பக்கம் நிறம் தெரிந்தால் மூச்சு வரும்.

பங்குனியில் வலது செடி பூத்தது. இடது பக்கம் பச்சை, வலது பக்கம் ராணி கலர். தெருவில் போகிறவர்கள் இதென்ன கோலம் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மாலை முழுவதும் அதற்குக் கீழே நின்றேன். அப்பா மட்டும் வரவில்லை. ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அம்மாவின் பாதிப் பேச்சு கேட்டது.

"ஆமா, ஒரு பக்கம் பூத்துட்டு... இல்ல, வெட்டல... இருக்கட்டுங்க. பிள்ள தெனமும் பாத்துக்கிட்டே நிக்கா."

அப்பா உயிரோடு பேசுகிறார் என்பது மட்டும்தான் எனக்கு அதில் கேட்டது. மற்றதைக் காதில் வாங்கவில்லை.

பூக்கள் வெளிறி உதிர்ந்து வாசலில் காகிதமாகச் சுருண்டபோது மறுபடி பயம் வந்தது. பூத்தும் வரவில்லையே. இனி கத்தரியை ஒளித்து என்ன பயன் என்று மட்டைக் குவியலைக் கிளறினேன். வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. அலகில் துருவே இல்லை, எண்ணெய் பிசுபிசுத்தது. தேங்காய் மட்டையில் எண்ணெய் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். துணி எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் மாட்டிக்கொள்வேன் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். துணியோடு அப்படியே திரும்பச் செருகிவிட்டேன்.

சித்திரை பாதியில் ஒரு காலை, ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அப்பா இரும்புப் பெட்டியோடு இறங்கினார். கறுத்து, இளைத்து, மீசை நரைத்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கல் அப்படியே இறங்கியது.

அப்பா தலையை நிமிர்த்தி வளைவைப் பார்த்தார். இப்போது இடது பக்கம் பூத்துக் குலுங்கியது. வலது பக்கம் பச்சையாக, பேசாமல் நின்றது.

"வெட்டுனா ஏழு வாரத்துல பூக்கும்னேன்லா? கணக்கு தப்பல," என்றார் அம்மாவிடம். "ஆனா ரெண்டு செடியையும்லா வெட்டச் சொன்னேன்? ஒண்ண ஏன் விட்டன்னு போன்லயும் சொல்லல. ரெண்டும் பூத்திருந்தா எப்படி இருக்கும்!"

மட்டைக் குவியல் கண்முன் வந்து நின்றது. அம்மா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கத்தரிய எங்கனயோ வச்சிட்டு மறந்துட்டேன்."

"உனக்கு வரவர மறதி கூடிட்டு," என்றார் அப்பா.

"ஆமா," என்று அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். தப்பித்த சந்தோஷத்தில் நான் இருவரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அம்மாவுக்கு ஞாபகசக்தி குறைவு என்று அதற்குப் பிறகும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.